பெர்ஃபார்மன்ஸ் பிரேக் பேட் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரோடு வந்த பிரேக் பேடைக் கழற்றிவிட்டு வேறு நிறுவனத்தின் பெர்ஃபார்மன்ஸ் பேட் போட நினைப்பவர்களுக்கான பக்கம் இது. இங்கே உள்ள பதில்களுக்கெல்லாம் அடியில் ஒரே கேள்விதான் ஓடுகிறது: உங்கள் பிரேக் எவ்வளவு சூடாகிறது? அது தெரியாமல் பிராண்டையும் பெட்டியின் நிறத்தையும் பார்த்து வாங்கினால், நல்ல பேடும் உங்கள் காரில் மோசமான பேடாகிவிடும்.

நல்ல பேட் போட்டால் கார் குறைந்த தூரத்தில் நிற்குமா?

ஒரே ஒரு அவசர பிரேக்கில், பெரும்பாலும் நிற்காது. பெடலை முழு பலத்தோடு மிதிக்கும்போது ஏபிஎஸ் வேலை செய்து பெடல் படபடவென்று அதிர்கிறதா? அப்படியென்றால் டயர் தரையைப் பிடிக்கும் அளவுக்கு மேலேயே உங்கள் பேடும் காலிபரும் (சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிஸ்கின்மேல் பேடை அழுத்தும் பாகம்) ஏற்கெனவே அழுத்துகின்றன. அதற்கு மேல் தூரத்தைக் குறைக்க வேண்டுமானால் செலவு செய்ய வேண்டிய இடம் டயர்.

பேட் மாற்றுவதால் கிடைப்பது வேறு. அடுத்தடுத்து மூன்றாவது, ஆறாவது, பத்தாவது முறை மிதிக்கும்போதும் முதல் முறை போலவே பிடிக்கும். கால் கொடுக்கும் அழுத்தம் குறையும். எவ்வளவு மிதித்தால் எவ்வளவு பிடிக்கும் என்பது காலுக்குத் தெளிவாகத் தெரியும். மலைப்பாதை, பாரம் ஏற்றிய பயணம், டிரைலர் இழுப்பது, பந்தய டிராக்கில் ஓட்டுவது ஆகியவற்றில்தான் இதன் அருமை புரியும்.

என் பிரேக் எவ்வளவு சூடாகும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ஒரு கணக்கு. 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 580 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அதில் 70 சதவீதம் முன் பிரேக்குக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 7 கிலோ இருந்தால், ஒரே நிறுத்தத்தில் அவை ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் சூடேறும். இதையே 140 கி.மீ. வேகத்திலிருந்து செய்தால் ஆற்றல் கிட்டத்தட்ட இரட்டிப்பு. சூடும் 120 டிகிரியை ஒட்டி ஏறும். ஆற இடைவெளி விடாமல் ஐந்து முறை செய்தால் டிஸ்க் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கூட்டிக்கொள்ளலாம்.

மலை இறக்கம் இன்னும் கடுமையானது. அதே கார் 500 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற்ற வேண்டிய ஆற்றல், 100 கி.மீ. வேகத்திலிருந்து 12 முறைக்கு மேல் நின்றதற்குச் சமம். இதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் எடுத்துக்கொள்ளும். கியரைக் குறைத்து இறங்கினால் எஞ்சினின் பங்கு கூடும். நியூட்ரலில் இறங்கினால் காற்றும் டயர் உருளும்போது ஏற்படும் தடையும் எடுப்பதுபோக மிச்சமெல்லாம் பிரேக்கின் தலையில்.

கணக்கை நம்பாதவர்கள் அளந்து பார்க்கலாம். டிஸ்கின் விளிம்பில் பூசும் வெப்பப் பெயின்ட் கிடைக்கிறது: பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560 டிகிரியிலும், சிவப்பு 610 டிகிரியிலும் நிறம் மாறும். நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையில் ஒருமுறை ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பச்சைகூட மாறவில்லை என்றால் டிராக் பேட் உங்களுக்குத் தேவையே இல்லை. வண்டி நின்ற பிறகு இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு: நீங்கள் இறங்கி வருவதற்குள் டிஸ்க் நிறைய ஆறியிருக்கும், பளபளப்பான இரும்புப் பரப்பு அந்தக் கருவிக்குக் குறைத்தும் காட்டும்.

ஆர்கானிக், செராமிக், செமி மெட்டாலிக்: எது எதற்கு?

ஆர்கானிக் பேட் மென்மையானது, சத்தம் குறைவு, டிஸ்கை அதிகம் தேய்க்காது. ஆனால் சூடேறியதும் சீக்கிரம் பிடிப்பை இழக்கும். ஊருக்குள் ஓடும் சிறிய காருக்கு இது போதும்.

சாலைக்கான செராமிக் பேட் அமைதியானது. தூசு வெளிர் நிறத்தில் குறைவாக வரும், சக்கரத்தில் ஒட்டாது. முதல் மிதியில் கடித்துப் பிடிக்கும் உணர்வு சற்றுக் குறைவு. செராமிக் என்ற பெயரைப் பார்த்து, விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களின் கார்பன் செராமிக் பிரேக்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது டிஸ்கின் பொருள். வார்ப்பிரும்பு டிஸ்குக்கான பேடைக் கார்பன் செராமிக் டிஸ்கில் போடவே கூடாது. விலையுயர்ந்த அந்த டிஸ்க் பாழாகும்.

செமி மெட்டாலிக் பேடில் எஃகு நார், இரும்புத்தூள் போன்றவை கணிசமாக இருக்கும். சூட்டைத் தாங்கும், காலுக்கு நேரடியான உணர்வு தரும். விலை கொடுக்க வேண்டியது சத்தத்திலும், கறுப்புத் தூசியிலும், டிஸ்க் தேய்மானத்திலும். பெர்ஃபார்மன்ஸ் பேட் என்று விற்கப்படுபவற்றில் பலவும் இந்த வகைக்குள்ளோ அதன் அருகிலோதான் வரும். ஆனாலும் வகைப்பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே வகைக்குள் நிறுவனத்துக்கு நிறுவனம் கலவை வேறு. தயாரிப்பாளர் தரும் வெப்ப வரைபடம்தான் பேச வேண்டும்.

வெப்ப வரைபடத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

படுக்கைக் கோட்டில் வெப்பநிலை, நிமிர்கோட்டில் உராய்வுக் குணகம் (பிடிப்பின் அளவைக் காட்டும் எண்) இருக்கும். பலரும் கோட்டின் உச்சியைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது இடது முனை: 50 டிகிரியில், 100 டிகிரியில் பேட் எவ்வளவு பிடிக்கிறது? காலையில் வண்டியை எடுத்த முதல் நிமிடத்தில் குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால் அந்த முனைதான் உங்களைக் காப்பாற்ற வேண்டும். பிறகு கோடு எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்று பாருங்கள். 0.40ஐ ஒட்டியே நீண்ட தூரம் ஓடும் கோடு, 0.30இல் தொடங்கி 0.55க்கு ஏறிக் கீழே விழும் கோட்டைவிடச் சாலைக்கு நல்லது. மிதிக்கும் அளவு ஒன்றாக இருந்தும் பிடிப்பு மாறிக்கொண்டே இருந்தால் கால் பழகாது.

குணகம் 0.38இலிருந்து 0.45 ஆனால், அதே மிதிக்குப் பிடிப்பு சுமார் 18 சதவீதம் கூடும். எண்ணில் சின்ன வித்தியாசமாகத் தெரிந்தாலும் கால் உடனே உணரும்.

பேடின் ஓரத்தில் ‘எஃப்எஃப்’, ‘ஜிஜி’ என்று இருக்கிறதே?

அது வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஈயின் ஜே866 முறைப்படி தரும் உராய்வுக் குறியீடு. முதல் எழுத்து ஆறிய நிலைக்கும், இரண்டாவது சூடான நிலைக்கும். ‘இ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ 0.45 முதல் 0.55 வரை; ‘எச்’ அதற்கு மேல். ‘எஃப்இ’ என்று கண்டால், சூடானதும் பிடிப்பு ஒரு படி இறங்குகிறது என்று பொருள்.

இதை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. ஓர் அங்குலச் சதுரத் துண்டை வெட்டி எடுத்து இயந்திரத்தில் வைத்துச் சோதித்த விடை அது. சூடான நிலை என்பதும் சுமார் 345 டிகிரி வரைதான். டிராக்கில் 550 டிகிரியில் பேட் என்ன செய்யும் என்பதை அந்த இரண்டு எழுத்துகள் சொல்லாது. எழுத்தே இல்லாத பேடை ஒதுக்குவதற்கு இது உதவும்; இரண்டு நல்ல பேடுகளுக்குள் சிறந்ததைப் பிரித்தறிய உதவாது.

ஆர்90 முத்திரை அவசியமா?

சாலைக்கு என்றால் எங்கள் பதில் ஆம். ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 90ஆம் எண் விதிப்படி, மாற்றுப் பேடின் செயல்திறன் காரோடு வந்த பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. உராய்வுப் பொருள் பின்தகட்டோடு ஒட்டியிருக்கும் வலிமையும் சோதிக்கப்படும். பேடின் பின்தகட்டில் வட்டத்துக்குள் ‘இ’ எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் 90ஆர் என்பதும் இருக்கும். அந்த விதி நடப்பில் உள்ள நாடுகளில் முத்திரை இல்லாத பேடைச் சாலையில் ஓட்டுவது சட்டச் சிக்கல். டிராக் பேடுகள் பலவற்றுக்கு இது இருக்காது. அவை சாலைக்கு உரியவை அல்ல என்பதற்கு அதுவே அடையாளம்.

பந்தயப் பேடையே போட்டுவிட்டால் எல்லாவற்றுக்கும் ஆகுமே?

ஆகாது. 200 டிகிரிக்கு மேல்தான் உயிர் பெறும் கலவைகள் அவை. சாதாரணப் பயணத்தில் டிஸ்க் அந்தச் சூட்டைத் தொடுவதே அரிது. குளிர்ந்த நிலையில் பிடிக்காததோடு, உப்புத்தாள் போல டிஸ்கை அரைத்துத் தள்ளும். உதிரும் இரும்புத்தூள் சக்கரத்தில் ஒட்டி, மழை பட்டதும் துருவாக இறுகிவிடும். நெரிசலில் நகரும்போது கிரீச் சத்தம் வேறு. டிராக்குக்குப் போகிறவர்கள் இரண்டு ஜோடி வைத்துக்கொள்வதுதான் சரியான வழி. ஒரே பேடில் இரண்டையும் எதிர்பார்த்தால் இரண்டுமே அரைகுறையாகும்.

முன்பக்கம் மட்டும் மாற்றலாமா?

மாற்றலாம், பலருக்கு அதுவே போதும். ஒரே அச்சின் இடதும் வலதும் மட்டும் எப்போதும் சேர்ந்தே மாற வேண்டும். தலைகீழாக, பின்பக்கம் மட்டும் வலுவான பேட் போடுவது ஆபத்து: பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் சுழலும். பின்பேடின் பிடிப்பு முன்பேடைவிட ஒரு பிடி குறைவாகவோ சமமாகவோ இருக்கட்டும். முன்பக்கம் மிகக் கடுமையான பேடும் பின்பக்கம் சாதாரணப் பேடும் வைத்தால், பின்பிரேக் சும்மா இருக்க முன்டிஸ்க் மட்டும் வேகும்.

பேட் மாற்றியும் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனது. ஏன்?

பெடல் எப்படி இருந்தது என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். பெடல் கெட்டியாக இருந்தும் கார் வழுக்கிக்கொண்டு போனால், பேடின் பிடிப்பு சூட்டில் போயிருக்கிறது. பெடல் பஞ்சு போல அமுங்கித் தரைவரை போனால், கொதித்தது பிரேக் ஆயில். கொதிக்கும்போது உண்டாகும் ஆவி அமுங்கும் தன்மையுள்ளது. உங்கள் மிதி ஆவியை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும். இந்த இரண்டாவது நிலைக்கு உலகத்திலேயே சிறந்த பேடும் மருந்தாகாது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 தர ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 140. டாட் 4க்கு 230, 155. டாட் 5.1க்கு 260, 180. ஆகவே பேட் மாற்றும்போதே ஆயிலையும் மாற்றுங்கள். பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, டிராக்கில் ஓட்டினால் ஆண்டுக்கு ஒருமுறைக்குக் குறையாமல். டாட் 5 என்பது சிலிகான் ஆயில். எண் அடுத்து வருவதால் டாட் 4க்கு மேலானது என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள், மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

என் காருக்குச் சரியான பேடை எப்படிக் கண்டுபிடிப்பது?

மாடல் பெயர் போதாது. ஒரே மாடலில் எஞ்சினைப் பொறுத்தும் சக்கர அளவைப் பொறுத்தும் இரண்டு மூன்று காலிபர்கள் வருவதுண்டு. சேசிஸ் எண்ணை வைத்துக் காரோடு வந்த பேடின் பாக எண்ணை எடுங்கள். பேடின் வடிவத்துக்கு எஃப்எம்எஸ்ஐ எண் என்று ஒன்று உண்டு, ‘டி’ எழுத்தில் தொடங்கும். ஐரோப்பியத் தயாரிப்பில் டபிள்யூவிஏ எண் இருக்கும். பழைய பேடின் எண்ணும் புதியதன் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். தேய்மான சென்சார் வயர் உள்ள காரானால் அதையும் சேர்த்தே வாங்க வேண்டும். பல பெர்ஃபார்மன்ஸ் பெட்டிகளில் அது வராது.

பேட் கையில் வந்ததும் பின்தகட்டையும் உராய்வுப் பொருளையும் சேரும் கோட்டில் பாருங்கள். மயிரிழை விரிசல், தூக்கிய ஓரம், பெயின்ட்டுக்கு அடியில் துரு எது இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். அந்த ஒட்டுமானம் விட்டுப்போனால் உராய்வுப் பொருள் கழன்று விழுந்து, இரும்புத் தகடு நேரே டிஸ்கில் உரசும்.

மாட்டும்போது எங்கே தவறு நடக்கிறது?

பெரும்பாலும் பேடுக்கு வெளியே. பிராக்கெட்டில் (காலிபரைத் தாங்கும் சட்டம்) பேடின் காது, அதாவது இரு முனையிலும் நீட்டியிருக்கும் பகுதி, உட்காரும் இடத்தில் படிந்த துருவைக் கம்பி பிரஷால் சுரண்டி எடுத்து, புதிய கிளிப் போடுங்கள். பேட் விரலால் தள்ளினாலே நகர வேண்டும். சுத்தியலால் தட்டி ஏற்றிய பேட், பெடலை விட்டதும் பின்வாங்காது. டிஸ்கை உரசியபடியே ஓடும்.

அடுத்து ஸ்லைடு பின், அதாவது காலிபர் பக்கவாட்டில் நகர உதவும் கம்பி. வெளியே எடுத்துத் துடைத்து, சிலிகான் பிரேக் கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். சாதாரணக் கிரீஸ் ரப்பரை உப்ப வைத்து, அந்தக் கம்பியை இறுக்கிவிடும். பழைய பேடில் உள்பக்கம் ஒன்று தேய்ந்தும் வெளிப்பக்கம் ஒன்று தடியாகவும் இருந்தால், இந்த ஸ்லைடு பின் சிக்கியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புதுப் பேட் போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் தொட்டியில் மட்டம் ஏறும். வழியாமல் கவனியுங்கள், பெயின்ட்டை அரித்துவிடும். பின்பக்கப் பிஸ்டன் சில கார்களில் திருகி உள்ளே போகும் வகை. எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள கார்களில் சர்வீஸ் மோடுக்கு மாற்றாமல் கிளாம்ப் வைத்துத் தள்ளினால் மோட்டாரின் கியர் உடையலாம். காலிபரை ஆயில் குழாயில் தொங்கவிடாதீர்கள்; கம்பியால் கட்டித் தூக்கி வையுங்கள்.

டிஸ்கின் தடிமனை மைக்ரோமீட்டரால் நாலைந்து இடத்தில் அளந்து, டிஸ்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். பழைய டிஸ்கையே வைத்துக்கொள்வதானால், முந்தைய பேட் விட்டுப்போன படலத்தை 120 எண் உப்புத்தாளால் எல்லாப் பக்கமும் தேய்த்து எடுத்து, பிரேக் கிளீனரால் துடையுங்கள். தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம், மூச்சில் போகும். போல்ட்டுகளைக் காரின் சர்வீஸ் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்குவிசை) அளவுக்கு முறுக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும், வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை பல முறை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதி தரைவரை போகும். எதிரே சுவர் இருக்கும்.

பெட்டிங் செய்தே ஆக வேண்டுமா?

ஆக வேண்டும். புதுப் பேடைத் திட்டமிட்டுச் சூடாக்கி டிஸ்கோடு பழக்குவதுதான் பெட்டிங். பேடிலிருந்து ஒரு மெல்லிய படலம் டிஸ்கில் சமமாகப் படிந்த பிறகுதான் பேட் முழுப் பிடிப்பைத் தரும். புதுப் பேடின் பிசின் முதல் சூட்டில் வாயுவாக வெளியேறும்; அதைச் சாலையில் திடீரென எதிர்கொள்வதைவிட நீங்களே திட்டமிட்டு வெளியேற்றிவிடுவது பாதுகாப்பு.

தயாரிப்பாளரின் முறை பெட்டியில் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையென்றால், போக்குவரத்து இல்லாத, வேக வரம்பு இடம் கொடுக்கும் நேர்ப்பாதையில் முதலில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10க்கு, மிதமாக 10 முறை. பிறகு 100இலிருந்து 20க்கு, ஏபிஎஸ் வேலை செய்யாத அளவுக்கு வலுவாக 8 முதல் 10 முறை. நடுவில் மீண்டும் வேகம் எடுக்கும் நேரம் மட்டுமே இடைவெளி. எந்த இடத்திலும் முழுதாக நிறுத்தக் கூடாது. வாடையும் லேசான புகையும் வரும், பயப்பட வேண்டாம். பிறகு 10, 15 நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். ஆறும்வரை ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். முடிவில் டிஸ்கின் பரப்பு முழுதும் ஒரே சீரான சாம்பல் நிறம் படிந்திருக்க வேண்டும். திட்டுத் திட்டாக இருந்தால் இரண்டாம் கட்டத்தை மறுபடி செய்யுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது. டிஸ்க் வளைந்துவிட்டதா?

மெக்கானிக்குகள் அப்படித்தான் சொல்வார்கள்; உண்மையில் வளைவது அரிது. டிஸ்கின் தடிமன் இடத்துக்கு இடம் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் மாறினாலே கைக்கு நடுக்கம் தெரியும். நன்றாகச் சூடேறிய பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே சிக்னலில் நின்றால், பேட் இருந்த இடத்தில் அதன் வடிவிலேயே பொருள் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்த மேடு பேடை முட்டும். ஆரம்ப நிலையில் உப்புத்தாளும் மறுபெட்டிங்கும் சரிசெய்துவிடும். நெடுநாள் விட்டால் அந்த இடம் மேலும் மேலும் சூடேறி, இரும்பே சிமென்டைட் என்ற கடினப் பொருளாக மாறும். அதன் பிறகு கடைசலில் கொடுத்தாலும் நடுக்கம் திரும்பி வரும். டிஸ்கை மாற்றுவதே வழி. டிஸ்க் உட்காரும் மையப் பாகமான ஹப்பின் முகத்தில் துரு இருக்கப் புது டிஸ்கை மாட்டினாலும் இதே நோய் சில ஆயிரம் கிலோமீட்டரில் தொடங்கும்.

கீச்சிடும் சத்தத்துக்கு என்ன வழி?

ஷிம்மும் (பின்தகட்டின்மேல் வரும் அதிர்வு தடுக்கும் மெல்லிய தகடு) கிளிப்பும் சரியாக உள்ளனவா, பின்தகடு பிஸ்டனைத் தொடும் இடத்தில் பிரேக் கிரீஸ் இருக்கிறதா, பேடின் முன்பின் ஓரங்கள் சரித்து வெட்டப்பட்டுள்ளனவா என்று வரிசையாகப் பாருங்கள். உராய்வுப் பரப்பில் மட்டும் எதையும் பூசாதீர்கள். இத்தனையும் சரியாக இருந்தும் கீச்சிட்டால் அது கலவையின் குணம்.

ஹைபிரிட், மின்சாரக் காருக்கு?

வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்வதால் பேட் ஆறியே கிடக்கும். கடுமையான கலவை இங்கே வீண். குளிரிலும் ஈரத்திலும் பிடிப்பு குறையாத, பின்தகட்டுக்கு நல்ல துருத்தடுப்புப் பூச்சு உள்ள பேடாகத் தேடுங்கள். இந்தக் கார்களில் பேட் தேய்ந்து சாவதைவிடத் துருவில் சாவதே அதிகம்.

எப்போது மாற்ற வேண்டும்?

சாலையில், உராய்வுப் பொருள் 3 மி.மீ. ஆனதும். டிராக்குக்குப் போகும் பேடைப் பாதி தேய்ந்ததுமே மாற்றுங்கள்: மெலிந்த பேட் சூட்டைத் தடுக்காமல் பிஸ்டனுக்கும், அதன் வழியே பிரேக் ஆயிலுக்கும் கடத்திவிடும்.